ஐந்து முறை நடந்த வீடு

சர்வாதிகாரம் வந்த சனிக்கிழமை காலையில் எங்கள் ஊரில் எல்லோரும் ரேடியோ பேட்டரியை வெயிலில் காய வைத்தோம். ரேடியோ வாயே திறக்கவில்லை. மணிலாவில் எல்லா நிலையங்களையும் பூட்டிவிட்டார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பேட்டரி சோர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். பூலுங் கவாயானில் இருந்த பதினோரு ரேடியோக்களின் பேட்டரிகளும் கூரைக்குக் கூரை காய்ந்தன. எங்கள் வீட்டுக் கோழி நான்கு பேட்டரியை அடைகாத்தது. ஒன்றாவது பொரிந்திருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பேன். பொரியவில்லை.

அதற்குச் சில வாரம் முன்புதான் வெள்ளம் வடிந்திருந்தது. நாற்பது நாள் மழை. வயல் எது, ஆறு எது என்று மீனுக்கே தெரியாமல் போனது. பலாமரத்தில் ஏறிக் கெளுத்தி பறித்தோம். பக்கத்து வீட்டு எருமை நீந்திப் பழகிவிட்டதால் தண்ணீர் வடிந்த பிறகும் ஒரு வாரம் தரையில் நீந்திக்கொண்டிருந்தது. ஆனால் நெல் மொத்தமும் அழுகிவிட்டது. முதலில் அரிசியில் கொஞ்சம் சோளம் கலந்து சாப்பிட்டோம். பிறகு சோளத்தில் கொஞ்சம் அரிசி. பிறகு சோளத்தைத் தின்றுகொண்டே அரிசியைப் பற்றிப் பேசினோம். வயல் எலிகள்கூட ஊரைவிட்டுப் போயின. எங்களுக்கு அது பெரிய அடி, ஏனென்றால் அவற்றைத்தான் குழம்பு வைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படிப்பட்ட நேரத்தில் ராணுவ ஆட்சி வந்தது. நான் முதல் நாளிலிருந்தே எதிர்த்தேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது அதுவல்ல. பண்ணையாரின் அடியாட்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்க வரிசையில் நின்றதைப் பார்க்க நான் மூன்று மைல் நடந்து போனேன். என் அப்பாவை அடித்தவனும் அந்த வரிசையில் நின்றான். எருமைத் திருடர்கள் காணாமல் போனார்கள். குத்தகைக்காரனுக்கே நிலம் சொந்தம் என்று ஒரு காகிதம் வந்தது. அதை என் மனைவி மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். ரேடியோ மறுபடி பேசியபோது நாட்டுத் தலைவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன்.

ஜனவரி மாதம் எங்கள் ஊர்த் தலைவர் எவாரிஸ்தோ வீடு வீடாக வந்தார். ஊர்த் தலைவரை நாங்கள் கப்பித்தான் என்போம். புதன்கிழமை பள்ளிக்கூடத் திடலில் கூட்டம். மணிலாவிலிருந்து வந்த காகிதத்தை ஒரு லெப்டினன்ட் வாசிப்பார். சம்மதம் என்றால் கையைத் தூக்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள். கை தூக்கிய வீட்டுக்கு இரண்டு படி அரிசி. சம்மதமில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று காகிதத்தில் எழுதியிருக்கவில்லை.

ஊரில் எல்லோரும் சரி என்றார்கள். மெலேசியோ மட்டும் முடியாது என்றான்.

மெலேசியோ என் பாரே. என் மூத்த மகளுக்கு ஞானஸ்நானத்தில் தகப்பனாக நின்றவன். அந்த உறவு எங்களிடத்தில் ரத்த உறவுக்கு ஒரு பிடி மேல். அவனுக்குத் தொழில் சேவல் களத்தில் பந்தயம் கூவுவது. நடுவில் நின்று இரண்டு கையையும் அகல விரித்துக் கூட்டத்தைப் பார்ப்பான். சிலுவையில் இருப்பவர் மாதிரி நிற்பதால் அந்தத் தொழில்காரர்களைக் கிறிஸ்து என்றே அழைப்போம். இருநூறு பேர் விரல் காட்டுவார்கள். ஒன்றையும் எழுத மாட்டான், ஒன்றையும் மறக்க மாட்டான். அங்கே தூக்கிய கை தூக்கியதுதான், திரும்ப எடுக்க முடியாது. ஒருமுறை குளவியை விரட்ட அவன் கையை வீசியதை எதிராளி பந்தயம் என்று எடுத்துக்கொண்டான். மெலேசியோ போய் எருமையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வந்தான். ‘கை எழுந்துச்சுல்ல’ என்றான், அவ்வளவுதான்.

கப்பித்தான் என்னையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். மெலேசியோ மூங்கில் படியில் உட்கார்ந்து சேவலுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

“கையைத் தூக்கறதுல என்னய்யா கொறஞ்சு போயிருவ? அக்குள் வேர்க்குதா?” என்றார் கப்பித்தான்.

“எதிர்ச் சேவல் எது?”

“என்ன எதிர்ச் சேவல்?”

“களத்துல ஒத்தச் சேவல விட்டுட்டுப் பந்தயம் கட்டச் சொல்றீங்க. முப்பது வருசத்துல இப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்ல.”

“அரிசி தர்றாங்கடா. அரிசி!”

“அரிசி வேணுமான்னு தனியாக் கேக்கச் சொல்லுங்க. ரெண்டு கையையும் தூக்கறேன். பத்தலன்னா காலையும் தூக்கறேன். அந்தக் காகிதத்தையும் அரிசியையும் ஒண்ணாக் கட்டி ஒரே கையில கேட்டா, எனக்குக் கை வராது.”

உள்ளேயிருந்து அவன் மனைவி தியோஃபிலா சொன்னாள்: “கப்பித்தான், ரெண்டு நாளா நானும் சொல்லிப் பார்த்துட்டேன். இந்த மனுசனுக்குத் தோள்ல இருக்கறது கை இல்ல, வாக்கு.”

கப்பித்தான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்பு, படி முனகியது. “மெலேசியோ, உனக்கு ஏன் புரியல? ஊர்ல குடியிருக்கிறவன் ஒருத்தன் கை தூக்கலன்னாலும், நானே அவனை ராணுவக் கேம்ப்புக்குக் கூட்டிட்டு வரணும்னு உத்தரவு. அந்த வாத்தியார் போனாரே, திரும்பினாரா? டிரைசைக்கிள் ஓட்டுன பையன் திரும்பினானா? உன் கல்யாணத்துல பன்னி சுட்டவன் நான். உன்னை எப்படிடா கையப் பிடிச்சுக் கொண்டுபோய் விடுவேன்?”

அவர் அழுதார். மெலேசியோ சேவலைக் கீழே விட்டுவிட்டு அவருக்கு இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் கையைத் தூக்குகிறேன் என்று சொல்லவில்லை.

இஞ்சித் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் கப்பித்தானுக்கு அந்த யோசனை வந்தது. “ஊர்ல குடியிருக்கிறவன்னுதானே உத்தரவு?” என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் வீடுகள் மூங்கிலும் ஓலையும். கால் ஊன்றி நிற்கும், வேர் ஊன்றாது. ஒருவன் இடம் மாற நினைத்தால் ஊராரைக் கூப்பிடுவான். வீட்டுக்கு அடியில் நீள மூங்கில்களைக் கட்டி, இருபது பேர் தோள் கொடுத்து வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போவோம். கூலி கிடையாது, தூக்கியவர்களுக்கு வீட்டுக்காரி சாப்பாடு போட வேண்டும். வீட்டுக்காரன் கூப்பிட்டால்தான் தூக்குவது வழக்கம். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கூப்பிடாமல் போனோம்.

செவ்வாய்க்கிழமை காலை மெலேசியோ உள்ளே முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வீடு எழுந்தது.

“யாருடா அது?”

“நாங்கதான் பாரே. நீ பாட்டுக்கு மழி. நாங்க ஆடாமப் போறோம்” என்றேன்.

“எங்கடா தூக்கிட்டுப் போறீங்க?”

“அக்கரைக்கு. சாந்தா மோனிகாவுக்கு. அங்க காத்து நல்லா இருக்காம்.”

“இறக்குடா!”

“இறக்கினா உன்னைக் கேம்ப்புக்குத் தூக்கிட்டுப் போவாங்க. அதுக்கு இது பரவாயில்ல.”

முழங்கால் ஆழத் தண்ணீரில் ஆற்றைக் கடந்து, சாந்தா மோனிகா கரையில் ஒரு புளியமரத்தடியில் இறக்கினோம். மெலேசியோவுக்கு ஒரு கன்னம் மட்டும் மழித்திருந்தது. தியோஃபிலா எங்களை வாயில் வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே, வீட்டில் இருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அத்தனையையும் அவித்துப் போட்டாள். தூக்கியவர்களுக்குப் போடாமல் அனுப்பினால் அவளுக்குத்தான் கேவலம்.

நாங்கள் வீடு திரும்பிக் கால் கழுவுவதற்குள் ஆற்றில் சத்தம். சாந்தா மோனிகாவுக்குத் தலைவி புரூதென்சியா என்ற விதவை. அவள் முன்னால் நடக்க, பின்னால் இருபது பேர் தோளில் மெலேசியோவின் வீடு வந்துகொண்டிருந்தது.

“என்ன எவாரிஸ்தோ, உங்க ஊர்க் குப்பையை எங்க வாசல்ல கொட்டறீங்க?” என்று ஆற்றிலிருந்தே கத்தினாள். “நாளைக்கு எனக்கும் அதே லெப்டினன்ட்தான், அதே போட்டோதான். இவன் கையைத் தூக்கலன்னா நான்ல இவனக் கூட்டிட்டுப் போகணும்? இவன் என் தங்கச்சி புருசனுக்கு அண்ணன்யா!”

“என்னைக் குப்பைன்னு சொன்னது யாரு?” என்று ஜன்னலிலிருந்து மெலேசியோ கேட்டான். இன்னொரு கன்னமும் மழித்தாகிவிட்டது.

“நீ சும்மா இரு. உன்னாலதான் எல்லாம்.”

இரண்டு தலைவர்களும் முழங்கால் தண்ணீரில் நின்று கால்மணி நேரம் சண்டை போட்டார்கள். வீட்டைத் தோளில் வைத்திருந்தவர்கள் ஒரு தோள் மாற்றி இன்னொரு தோளில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருவருக்கும் ஒரே நேரத்தில் கண் ஒரே இடத்துக்குப் போனது. ஆற்று நடுவில், வெள்ளம் விட்டுப்போன மணல் திட்டு. வரைபடத்தில் இல்லாதது. எந்த ஊருக்கும் சேராதது. நாங்கள் இருபது பேரும் இறங்கித் தோள் கொடுத்தோம். இருபது பேர் தூக்கும் வீட்டை நாற்பது பேர் தூக்கினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கொஞ்ச தூரம் வீடு எங்களைத் தூக்கிக்கொண்டு போனது.

இந்த முறை தியோஃபிலாவிடம் வெறும் இஞ்சித் தண்ணீர்தான் இருந்தது. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “இதுதான் இருக்கு. பழிச்சுப் பேசாதீங்க” என்றாள். நாங்கள் ஆளுக்கு மூன்று முறை வாங்கிக் குடித்தோம்.

புதன்கிழமை இரண்டு ஊரும் ஒரே திடலில் கூடின. லெப்டினன்ட் சின்ன வயசு. கழுத்துப் பட்டையில் எலும்பு தெரிந்தது, அவரும் சோளம் தின்றவர்தான். காகிதம் நீளமாக இருந்தது. புதுச் சட்டம், நாட்டுத் தலைவர் நீடிப்பது, தேர்தல் இப்போதைக்கு வேண்டாம் என்பது, அமைதி, சாலை, கடைசியில் அரிசி. வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். அரிசிக்கு முன்னால் சொன்ன எதையும் என் காது பிடிக்கவில்லை, வயிறு முந்திக்கொண்டது. எனக்கு முன்னால் என் கை எழுந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு கைகள். மேசைமேல் ஏறி நின்ற போட்டோக்காரர் திடலையும், அதற்குப் பின்னால் ஆற்றையும் சேர்த்து எடுத்தார்.

லெப்டினன்ட் அந்தப் பக்கம் கையை நீட்டினார். மணல் திட்டில் வீடு. ஜன்னலில் ஓர் ஆள், கையைக் கட்டிக்கொண்டு.

“அது யார் வீடு?”

“எங்க ஊர் இல்ல சார்” என்றார் எவாரிஸ்தோ.

“எங்களுதும் இல்ல சார்” என்றாள் புரூதென்சியா.

“அப்ப யாரோடது?”

“ஆத்தோடது சார். வெள்ளத்துல வந்து ஒதுங்கிச்சு” என்றார் எவாரிஸ்தோ.

“வெள்ளம் ஆகஸ்ட்ல. இது ஜனவரி.”

“மெதுவா வந்துச்சு சார்.”

லெப்டினன்ட் உதட்டைக் கடித்துக்கொண்டு காகிதத்தை மடித்தார். அவர் அதோடு விட்டுவிட்டார், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் போட்டோ விடவில்லை. மேலே யாரோ ஒருவரிடம் பூதக்கண்ணாடி இருந்திருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு கைகளை எண்ணி முடித்த பிறகு, கட்டியிருந்த இரண்டு கைகளையும் எண்ணியிருக்கிறார்கள்.

பத்தாம் நாள் காலை அதே லெப்டினன்ட் பூட்ஸ் நனையாமல் படகில் போய் மணல் திட்டில் இறங்கினார். நாங்கள் கரையில் நின்றோம்.

“ஏன் கையைக் கட்டிட்டு நின்னீங்க?”

“களத்துல அப்படி நின்னா, நான் பந்தயத்துல இல்லன்னு அர்த்தம் சார்.”

“என்ன பந்தயம்?”

“அதைத்தான் சார் நானும் கேட்டேன்.”

மெலேசியோ நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினான். தியோஃபிலா கருவாட்டுப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்தாள். படகு எங்களைத் தாண்டும்போது அவன் எங்கள் பக்கம் திரும்பிச் சேவலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.  வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கை தூக்கி வாங்கிய அரிசி வேகவில்லை. விறகு ஈரம் என்றாள் என் மனைவி. பக்கத்து வீட்டிலும் விறகு ஈரமாம். ஊர் முழுக்க ஈரம், ஜனவரி மாதத்தில்.

மறுநாள் தியோஃபிலா ஆற்றைக் கடந்து கப்பித்தான் வாசலுக்கு வந்தாள். நாங்கள் சிலர் அங்கே இருந்தோம்.

“வீட்டைத் தூக்கணும். மூணு தடவை கூப்பிடாமலே வந்தீங்க. இப்பக் கூப்பிடறேன், வருவீங்களா?”

“எங்க மாரே?” என்று கேட்டேன். பாரேயின் மனைவி எங்களுக்கு மாரே.

“கேம்ப் வாசலுக்கு. பதினோரு கிலோமீட்டர். தினமும் நடந்து போய்ச் சோறு குடுக்க என் முழங்கால் ஒத்துக்காது. வாசல்லயே இருந்துக்கறேன்.”

 ஐந்து பேருக்கு மேல் கூடி நின்றால் பிடித்துப் போடலாம் என்று உத்தரவு இருந்தது. திருவிழா ஊர்வலத்தையே ஐந்தைந்து பேராக அனுப்பிக்கொண்டிருந்தார் பாதிரியார். கப்பித்தான் தரையைப் பார்த்தபடி, “நாப்பது பேரு சேர்ந்து நடந்தா அது கூட்டம் மாரே” என்றார்.

“வெளிய நின்னா கூட்டம். வீட்டுக்கு அடியில நின்னா என்னன்னு உத்தரவுல இருக்கா?”

கப்பித்தான் யோசித்தார். பிறகு, தூக்க வருகிறவன் மாதிரி, செருப்பைக் கழற்றினார். தலைவரான பிறகு அவர் தோள் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். அக்கரையிலிருந்து புரூதென்சியாவின் ஆட்களும் வந்தார்கள். ஒவ்வொருவரும் துணியில் ஒரு பிடி அரிசி முடிந்து வந்திருந்தோம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தியோஃபிலா எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டினாள். தோளில் வீடு நடக்க, உள்ளே அடுப்பு எரிந்தது. நெடுஞ்சாலையில் பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஓர் அம்மாள் கையைக் காட்டி நிறுத்தி, சந்தைக்குப் போகுமா என்று கேட்டாள். ஏற்றிக்கொண்டோம்.

பாலத்தருகே சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் குறுக்கே வந்தான்.

“நில்லுங்க! எத்தனை பேரு?”

“ஒரு வீடு சார்” என்றார் கப்பித்தான், அடியிலிருந்து.

சிப்பாய் குனிந்து பார்த்தான். “எண்பது கால் தெரியுது!”

“பழைய வீடு சார். நெறைய முட்டுக் குடுத்திருக்கு.”

ஜன்னலில் தியோஃபிலா எட்டிப் பார்த்தாள். “தம்பி, சாப்டியா?” என்று கேட்டாள். ராணுவத்தில் அந்தக் கேள்விக்கு என்ன உத்தரவு என்று அவனுக்குத் தெரியவில்லை. இலையில் வாங்கிக்கொண்டு ஓரமாகப் போனான்.

சாயங்காலத்துக்கு முன்னால் கேம்ப் வாசலுக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் வீட்டை இறக்கினோம். நாற்பது பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கம்பிவேலிக்கு உள்ளே கைதிகள் வரிசையாகக் குந்திப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். தன் வீட்டைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தான். அன்றைக்கு அவன் வெட்டிய புல் மட்டும் கோணலாக இருந்ததாகக் காவல்காரன் சொன்னான்.

தியோஃபிலா அங்கே நான்கு மாதம் குடியிருந்தாள். தினமும் கருவாடு வறுத்தாள். காற்று கேம்ப் பக்கமாகத்தான் அடிக்கும். காவல் சிப்பாய்கள் முதலில் மூக்கைப் பொத்தினார்கள், அடுத்த வாரம் தட்டைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் விவசாயி பிள்ளைகள். முறை வைத்து நாங்கள் அரிசி கொண்டு போவோம். வேலியோரம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மெலேசியோ இளைத்துக்கொண்டே போனான். முழங்கைக்கு மேல் தழும்புகள் இருந்தன. என்ன என்று கேட்டால், புல் கிழித்துவிட்டது என்பான். அந்த மாதிரிப் புல்லை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மே மாதம் மணிலாவிலிருந்து ஜெனரல் ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. கேம்ப் வாசலுக்கு எதிரே ஓட்டைக் குடிசையும் கருவாட்டு வாசனையும் இருந்தால் எப்படி? கர்னல் பன்னிரண்டு சிப்பாய்களை அனுப்பினார். அவர்கள் ஒரு மூலையை மட்டும் தூக்க, பானை உருண்டு, ஒரு சிப்பாயின் காலில் கஞ்சி கொட்டியது. கர்னலே வந்தார்.

“அம்மா, வீட்டை எடுத்துருங்க.”

“நான் எப்படிச் சார் எடுக்கறது? நாப்பது பேரு வேணும்.”

“கூப்பிடுங்க.”

“நான் அவசரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டேன், வந்தாங்க. வழக்கம் என்னன்னா வீட்டுக்காரர்தான் கூப்பிடணும். இல்லன்னா வர மாட்டாங்க.”

“வீட்டுக்காரர் எங்க?”

“உங்க புல்லை வெட்டிட்டு இருக்காரு சார்.”

கர்னல் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஒரு காகிதம் தயாரானது. போக்குவரத்துக்கு இடைஞ்சலான கட்டடத்தை அகற்றுவதற்காக விடுதலை என்று அதில் எழுதியிருந்தது. நானே படித்தேன்.

வாத்தியாருக்கும் டிரைசைக்கிள் பையனுக்கும் வீட்டைத் தூக்க ஆள் இருக்கவில்லை. அவர்கள் வரவில்லை.

ஜெனரல் வருவதற்கு முதல் நாள் விடியற்காலையில் போய் மூங்கில்களைக் கட்டினோம். மெலேசியோ வாசலில் நின்றுகொண்டு, வழக்கப்படி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், கப்பித்தானையும் சேர்த்து. குரல் பாதிதான் வந்தது. உள்ளே உட்கார் என்றோம், உட்காரவில்லை. எனக்கு முன்னால் வந்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான். தோளில் சதையே இல்லை, மூங்கில் எலும்பில் உட்கார்ந்தது.

ஊரைப் பார்த்து மூன்று கிலோமீட்டர் நடந்தோம். பிறகு கேட்டேன்: “எங்க மேல கோவமா பாரே?”

“எதுக்கு?”

“நாங்க கையைத் தூக்கிட்டோம்ல.”

“உங்களுக்குப் பசி.”

“உனக்கும்தானே பசி?”

அவன் மூங்கிலை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான். உள்ளேயிருந்து தியோஃபிலா, பானை தளும்புது, பார்த்துப் போங்கடா என்று கத்தினாள்.

“காலை மாத்திப் போடு டெல்ஃபின்” என்றான் மெலேசியோ. “வீடு ஆடுது.”

நான் காலை மாற்றிப் போட்டேன்.